லிஃப்ட் செய்த பிறகு பின்பக்கம் தூக்கிப் போடுகிறது, ஸ்டியரிங் அலைகிறது, உதறல் வேறு: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

சேற்றுக்கால்:
வணக்கம் எல்லோருக்கும். வண்டி பழைய ரகம்: முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நாலு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய எஃகுப் பட்டைகள்), பட்டைகள் ஆக்ஸிலுக்குக் கீழே. பார்ட் டைம் நான்கு சக்கர இயக்கம், முன்னால் ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை இயக்கத்திலிருந்து துண்டித்து வைப்பது). சமீபத்தில் லிஃப்ட் செய்தேன், அதாவது வண்டியை உயர்த்தினேன். வளைவு அதிகமான புதுப் பட்டைகள், முன்பக்கம் மட்டும் 50 மிமீ நீளம் கூடிய ஷேக்கிள் (பட்டையின் ஒரு நுனியைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு), நாலு பக்கமும் நீளமான ஷாக் அப்சார்பர். உயரம் மொத்தம் 75 மிமீ வந்திருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டத்தான் முடியவில்லை.

சாலையில் சின்ன மேடு வந்தாலே பின்பக்கம் அப்படியே தூக்கிப் போடுகிறது. 60 கிமீ வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் இங்கும் அங்கும் அலைகிறது, திருப்பத்தில் திருப்பிவிட்டுக் கையை விட்டால் தானாக நேராவதில்லை. 50-லிருந்து 70 வரை வண்டித் தரையில் ஒரு உதறல், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் கூடுகிறது, காலை எடுத்தால் குறைகிறது. போதாக்குறைக்கு ஓட்டுநர் பக்கம் 20 மிமீ தாழ்ந்து நிற்கிறது. மாட்டிக் கொடுத்தவரிடம் கேட்டால் "ஓட ஓடப் பழகிவிடும்" என்கிறார். பழகுமா?

வெறுங்கை:
பழகும், நீங்கள் பழகிக்கொள்வீர்கள் 😄 ஒரு ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் உருளை) வாங்கிப் போடுங்கள், அலைச்சல் போய்விடும்.

பட்டைக்காரர்:
டேம்பர் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். டேம்பர் நோயைத் தீர்க்காது, வலியை மறைக்கும். டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் மூட்டு) ஆட்டமோ கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் தளர்வோ இருந்தால் அதையும் சேர்த்து மறைத்துவிடும், அதுதான் ஆபத்து.

சேற்றுக்கால், புதுப் பட்டை கொஞ்சம் தணியும் என்பது உண்மை. முதல் சில நூறு கிலோமீட்டரில் 10, 15 மிமீ இறங்கும். ஆனால் நீங்கள் சொல்லும் நாலு தொல்லையில் ஒன்றுகூட தணிவதால் சரியாகிற வகை இல்லை. இது பட்டையின் குணம் இல்லை, கோணத்தின் குணம். லிஃப்ட் செய்யும்போது மூன்று கோணங்கள் மாறுகின்றன. ஒன்று ஷேக்கிள் சாய்வு, இன்னொன்று முன் ஆக்ஸிலின் கேஸ்டர் (கிங்பின்னின் முன்பின் சாய்வு), மூன்றாவது பினியனும் (ஆக்ஸிலுக்குள் சுற்று நுழையும் பல்சக்கரத் தண்டு) ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் (ஆக்ஸிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் தண்டு) சேரும் கோணம். ஒன்றைத் திருத்தப் போனால் இன்னொன்று கெடும். அதனால் எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன் அளந்து எழுதுங்கள். ஒரு டிஜிட்டல் கோணமானி போதும், இல்லையென்றால் கைபேசியில் இருக்கும் சாய்வுமானியை ஒரு நேரான இரும்புப் பட்டியோடு சேர்த்துப் பிடித்தாலும் வேலை ஆகும்.

சமதளத்தில் நிறுத்துங்கள், வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கவிட்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது. அளப்பதற்கு முன் பம்பரைப் பிடித்து நாலைந்து தரம் நன்றாக அழுத்தி விடுங்கள். ஷேக்கிள் நிற்கும் விதத்தைப் பக்கவாட்டில் நின்று படம் எடுங்கள். முன் ஷேக்கிள் பட்டையின் முன் நுனியிலா பின் நுனியிலா என்பதையும் சொல்லுங்கள், அது தெரியாமல் கேஸ்டரைப் பற்றிப் பேசவே முடியாது.

இரட்டைகிராஸ்:
உதறல் என் பாடம். டயரா ஷாஃப்ட்டா என்பதை முதலில் பிரித்துவிடுங்கள். ஒரு கணக்கு: டயர் சுற்றளவு 2.4 மீட்டர் என்று வையுங்கள். 60 கிமீ வேகத்தில் சக்கரம் நொடிக்கு 7 சுற்று சுற்றும். கிரவுன் பினியன் (ஆக்ஸிலின் பல்சக்கர ஜோடி) விகிதம் 4 என்றால் ஷாஃப்ட் 28 சுற்று. கிராஸ் (ஷாஃப்ட் முனையில் இருக்கும் சிலுவை மூட்டு) கோணத்தால் வரும் துடிப்பு ஒரு சுற்றுக்கு இரண்டு, அதாவது நொடிக்கு 56. அதனால் டயர் பேலன்ஸ் கோளாறு என்றால் ஸ்டியரிங் கையில் மெதுவாக ஆடும், எண்ணக்கூட முடியும். ஷாஃப்ட் கோளாறு என்றால் தரையிலும் சீட்டிலும் ரீங்காரம் மாதிரி வரும், எண்ண முடியாது.

அப்புறம் அதே 60-ல் கியர் மாற்றிப் பாருங்கள். எஞ்சின் சுற்று மாறியும் உதறல் அப்படியே இருந்தால் எஞ்சின், கிளட்ச் பக்கம் தேட வேண்டாம். நியூட்ரலில் விட்டு உருளவிட்டும் பாருங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மிதித்தால் கூடுகிறது என்கிறீர்கள், பின் பினியன் கோணம் என்றே படுகிறது. பின்பக்கம் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்புத் தகடு ஏதாவது வைத்திருக்கிறார்களா?

சேற்றுக்கால்:
எல்லாம் அளந்தேன்.

முன் ஷேக்கிள் பட்டையின் முன் நுனியில், பம்பருக்குக் கீழே. பின் ஷேக்கிள் பட்டையின் பின் நுனியில். பின் ஷேக்கிளின் கீழ் முனை ஆக்ஸிலைப் பார்த்து உள்ளே சாய்ந்திருக்கிறது, செங்குத்திலிருந்து 10 டிகிரி. முன் ஷேக்கிள் வெளிப்பக்கம் 15 டிகிரி சாய்ந்திருக்கிறது.

கேஸ்டர், கிங்பின் மூடிமேல் வைத்துப் பார்த்தால் 0.5 டிகிரி. கையேட்டில் 3.5 என்று இருக்கிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்ச் பின்பக்கம் 3 டிகிரி கீழே பார்க்கிறது. பினியன் 7 டிகிரி மேலே பார்க்கிறது. பின் ஷாஃப்ட்டின் சரிவு 14 டிகிரி, நீளம் 900 மிமீ சொச்சம். ஆமாம், பின்பக்கம் ஆப்பு இருக்கிறது, அதன் விளிம்பில் 4 டிகிரி என்று பொறித்திருக்கிறது. முன்னால் ஆப்பு எதுவும் இல்லை.

கியர் மாற்றினாலும் உதறல் அப்படியே இருக்கிறது. ரீங்காரம் என்று நீங்கள் சொன்ன அதே வகைதான்.

இரட்டைகிராஸ்:
ஆள் கிடைத்துவிட்டான். உங்கள் பின் ஷாஃப்ட்டில் இரண்டு முனையிலும் தலா ஒரு கிராஸ்தானே? டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை கிராஸ் இல்லையே?

சேற்றுக்கால்:
தலா ஒன்றுதான்.

இரட்டைகிராஸ்:
அப்படியென்றால் அந்த ஆப்பு அங்கே இருக்கவே கூடாது.

ஒற்றைக் கிராஸ் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். கோணத்தில் சுற்றும்போது அது சீரான வேகத்தைக் கொடுக்காது. ஒரு சுற்றில் இரண்டு தரம் முந்தும், இரண்டு தரம் பிந்தும். 11 டிகிரியில் அந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 1.9 சதவீதம், 7 டிகிரியில் 0.75 சதவீதம். மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதே கோணத்தில் நின்றால் இது முந்தும்போது அது பிந்தும், இரண்டும் கழிந்து பினியனுக்குச் சீரான சுற்று போகும். உங்கள் வண்டியில் மேல் கிராஸ் 14 கழித்தல் 3, அதாவது 11 டிகிரி. கீழ்க் கிராஸ் 14 கழித்தல் 7, அதாவது 7 டிகிரி. கழிய வேண்டியது கழியாமல் மிச்சம் நிற்கிறது, அதுதான் உங்கள் தரையில் கேட்கிறது. மிதிக்கும்போது பினியன் மூக்கு இன்னும் மேலே தூக்கும், கீழ்க் கோணம் இன்னும் குறையும், வித்தியாசம் கூடும். காலை எடுத்தால் பழையபடி.

பினியன் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும் என்பது இரட்டை கிராஸ் ஷாஃப்ட்டுக்கான விதி. அங்கே மேல் முனையில் இருக்கும் இரண்டு கிராஸும் தங்களுக்குள் கழித்துக்கொள்ளும், அதனால் கீழ் முனையில் கோணம் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்த விதியை எடுத்து உங்கள் ஷாஃப்ட்டுக்கு மாட்டியிருக்கிறார்கள், அதையும் பாதி வழிதான். ஆப்பைக் கழற்றினால் பினியன் 3 டிகிரிக்கு வரும், இரண்டு முனையும் 11. சமம்.

ஆனால் 11 என்பதே கொஞ்சம் அதிகம். சமமாக இருந்தாலும் நடுவில் இருக்கும் குழாய் மட்டும் முந்திப் பிந்திச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், வேகம் கூடக் கூட அது தெரியும், கிராஸின் ஆயுளும் குறையும். அதை அடுத்துப் பார்ப்போம்.

பட்டைக்காரர்:
ஆப்பைக் கழற்றும்போது சென்டர் போல்ட்டின் (பட்டைகளை நடுவில் சேர்ப்பது) தலை ஆக்ஸில் இருக்கையின் துளையில் முழுதாக உட்கார்கிறதா என்று கவனியுங்கள். ஆப்பு வைத்தபோது நீளமான சென்டர் போல்ட் போட்டிருப்பார்கள், தலை துளையின் அடியில் முட்டி நின்றால் யு போல்ட் (பட்டையை ஆக்ஸிலோடு பிடிப்பது) இறுகியது மாதிரி காட்டும், உண்மையில் பட்டைக்கும் இருக்கைக்கும் நடுவில் இடைவெளி இருக்கும்.

பின்பக்கத் தூக்கலுக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பட்டை அமுங்கும்போது நிமிரும், நிமிர்ந்தால் இரண்டு கண்ணுக்கும் (பட்டை நுனியில் இருக்கும் வளையம்) இடையிலான நீளம் கூடும், கூடும் நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கிள் இருக்கிறது. அதன் கீழ் முனை வெளிப்பக்கம் சாய்ந்து நின்றால் சும்மா இன்னும் வெளியே போகும், பட்டை இலகுவாக அமுங்கும். உங்கள் வண்டியில் உள்ளே 10 டிகிரி சாய்ந்திருக்கிறது. இப்போது பட்டை நீள வேண்டுமென்றால் ஷேக்கிள் முதலில் செங்குத்து நிலையைத் தாண்ட வேண்டும், அது வரைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீட்சியும் சேஸிஸை மேலே தள்ளும். மேடு வந்தால் பட்டை அமுங்குவதற்குப் பதில் உங்களைத் தூக்குகிறது. எத்தனை மென்மையான பட்டை போட்டாலும் இந்தச் சாய்வில் கல் மாதிரிதான் இருக்கும். ஷாக்கை மாற்றி மாற்றிப் போடுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

ஏன் உள்ளே போனது? பட்டையின் வளைவு கூடினால் கண்ணுக்குக் கண் தூரம் குறையும், ஷேக்கிளை உள்ளே இழுக்கும். உங்கள் பின் பட்டை எந்தச் சுமைக்கு? பெட்டியிலோ துண்டுச் சீட்டிலோ எழுதியிருக்கும்.

சேற்றுக்கால்:
இப்போதுதான் கவனிக்கிறேன். "நிரந்தரக் கூடுதல் சுமை 300 கிலோ" என்று இருக்கிறது. நான் பின்னால் எதுவும் ஏற்றுவதில்லை, ஸ்டெப்னியும் கருவிப் பெட்டியும்தான்.

பட்டைக்காரர்:
அவ்வளவுதான். 300 கிலோவுக்கு வளைத்த பட்டையில் காலி வண்டி நிற்கிறது. அது நிமிரவே இல்லை.

ஒரு சோதனை செய்யுங்கள், செலவில்லாதது. பின்னால் சரியாக 300 கிலோ மணல் மூட்டை ஏற்றி ஷேக்கிள் எங்கே போகிறது என்று பாருங்கள், அப்படியே மெதுவாக ஓட்டியும் பாருங்கள். ஷேக்கிள் வெளியே வந்து தூக்கல் நின்றால் பட்டைதான் காரணம் என்று உறுதி.

கோணமானி:
கூடவே ஷேக்கிள் போல்ட்டையும் பாருங்கள். ரப்பர் புஷ் என்றால் வண்டி கீழே நின்று எடை விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கியிருந்தால் ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொண்டு, வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். அதுவே ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து சாய்வையும் கொடுக்கும், சில மாதத்தில் கிழியும். பாலியூரித்தேன் புஷ் வேறு கதை, அது போல்ட்டின் உறைமேல் சுழல வேண்டும், ஷேக்கிள் தகடு இரண்டும் புஷ்ஷை நசுக்கும்படி இறுக்கினால் சுழலாது. அதற்கு சிலிகான் கிரீஸ், சாதாரண கிரீஸ் வேண்டாம்.

சாய்வுக்கு: பின் ஆக்ஸிலின் நடுவில், டிஃபரென்ஷியல் குண்டுக்கு அடியில் ஜாக்கி வைத்துப் பயனில்லை, அது ஆக்ஸிலைத்தான் தூக்கும். பின் சேஸிஸ் குறுக்குச் சட்டத்தின் சரியான நடுவில் ஜாக்கி வைத்து, பின் பட்டைகளின் எடை இறங்கும் வரை தூக்குங்கள். ஒற்றைப் புள்ளியில் நிற்பதால் பின்பக்கம் எந்தப் பக்கமும் தள்ளாது. அப்போது முன்பக்கம் சமமாக நின்றால் சாய்வு பின் பட்டையில், சாய்ந்தே நின்றால் முன் பட்டையில். வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஓரத்தில் நின்று சக்கர மையத்திலிருந்து சேஸிஸ் வரை அளந்தால் போதும். மட்கார்டு விளிம்பை நம்ப வேண்டாம், பழைய வண்டியில் பாடியே சாய்ந்திருக்கும்.

சேற்றுக்கால்:
மணல் சோதனை முடிந்தது. ஷேக்கிள் உள் 10-லிருந்து வெளி 8-க்கு வந்தது, வண்டி தலைகீழாக மாறியது போல இருந்தது, அதே மேட்டில் தூக்கல் இல்லை.

சாய்வுச் சோதனையில் முன்பக்கம் சாய்ந்தே நின்றது. பட்டையின் அடியில் துடைத்துப் பார்த்தால் முன் இரண்டிலும் வேறு வேறு பக்கக் குறி இருக்கிறது, மாட்டியவர் இடம் வலம் மாற்றிப் போட்டிருக்கிறார்.

பட்டைக்காரர்:
ஓட்டுநர், பெட்ரோல் டேங்க், பேட்டரி எல்லாம் ஒரே பக்கம் வரும் வண்டிகளுக்கு ஒரு பக்கப் பட்டையை 10, 15 மிமீ கூடுதலாக வளைத்துத் தருவார்கள். குறி இருந்தால் சும்மா இருக்காது.

பின் பட்டைக்கு மூன்று வழி. சேஸிஸில் இருக்கும் ஷேக்கிள் தாங்கியை ஆக்ஸில் பக்கமாக நகர்த்தி வெல்ட் செய்யலாம், அல்லது உங்கள் எடைக்கு ஏற்ற பட்டை வாங்கலாம், அல்லது இருக்கிற கட்டிலிருந்து ஒரு பட்டையைக் கழற்றலாம். நான் கழற்றத்தான் சொல்வேன். கழற்றினால் கட்டின் விறைப்பு குறையும், வண்டி 20, 25 மிமீ இறங்கும், பட்டை நிமிரும், ஷேக்கிள் வெளியே வரும்.

எதைக் கழற்றுவது என்பதில்தான் கவனம். மெயின் பட்டையை (கண் இருக்கும் முதல் பட்டை) தொடவே கூடாது. இரண்டாவது பட்டை மெயினின் கண்ணைச் சுற்றி வளைந்திருந்தால் அதையும் தொடக் கூடாது, மெயின் உடைந்தால் ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்துவது அதுதான். நடுவில் நீளம் படிப்படியாகக் குறையும் வரிசையில் ஒன்றை எடுங்கள், மேலிருக்கும் பட்டைக்கும் கீழிருக்கும் பட்டைக்கும் நீள வித்தியாசம் திடீரென்று பெரிதாகிவிடக் கூடாது, பெரிதானால் அந்த இடத்தில் மடிந்து உடையும். தடிமனையும் பாருங்கள். பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் போகும், 6 மிமீ பட்டைக்கும் 7 மிமீ பட்டைக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், விறைப்பில் 1.6 மடங்கு. ஒரு பட்டைதானே என்று தடித்ததை உருவினால் வண்டி தொப்பென்று இறங்கும். இரண்டு பக்கமும் அதே எண் பட்டை.

சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் அதன் இரு பக்கமும் பெரிய ஜி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கட்டுக்குள் விசை அடைபட்டிருக்கும், போல்ட் விடுபட்டதும் பட்டைகள் தெறிக்கும், கையை உடைக்கும். போல்ட் எடுத்த பிறகு இரண்டு கிளாம்பையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முகத்தைப் பக்கவாட்டில் விலக்கி வையுங்கள், கட்டின் மேல் குனியாதீர்கள்.

இரட்டைகிராஸ்:
25 மிமீ இறங்கினால் எனக்கும் லாபம். 900 மிமீ ஷாஃப்ட்டில் 25 மிமீ என்றால் சரிவு 1.6 டிகிரி குறையும். 11 இருந்த இடத்தில் 9.4. போதுமா என்றால் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

மேட்டுவழி:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கும் லீஃப் ஸ்பிரிங்தான், ஆனால் பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றி வைத்து உயரம் எடுத்திருக்கிறேன். சாலையில் அருமையாக இருக்கிறது. ஆனால் லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் வரிசை) ஏற்றத்தில் கிளட்சை விட்டால் பின் ஆக்ஸில் தடதடவென்று குதிக்கிறது. ஷாக் புதுசு.

பட்டைக்காரர்:
ஆக்ஸில் முறுக்கம். முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.5, கிரவுன் பினியன் 4 என்று வைத்தால் பெருக்கி வருவது 40. 150 நியூட்டன் மீட்டர் எஞ்சின் என்றால் ஆக்ஸில்களுக்குப் போவது 6000. ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும், அதைப் பிடிப்பது பட்டை மட்டும்தான். பட்டை எஸ் வடிவில் முறுகும், டயர் பிடியை விடும், பட்டை திரும்பி அடிக்கும், மறுபடி பிடிக்கும். அந்தத் தடதட அதுதான். ஆக்ஸிலுக்கு மேலே மாற்றியவர்களுக்கு இது கூடுதலாக வரும், தரைக்கும் பட்டைக்கும் நடுவில் நெம்பும் தூரம் கூடிவிடுகிறது. உயரமான கட்டை வைத்தவர்களுக்கும் இதே கதை.

முதலில் யு போல்ட் இறுக்கத்தைப் பாருங்கள். சரியாக இருந்தால் முறுக்கத் தடுப்புச் சட்டம் ஒன்று வேண்டும். ஹவுசிங்கில் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பிடித்து, முன்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் குறுக்குச் சட்டம் வரை போகும் குழாய். முன் முனையை நேராக சேஸிஸில் பிணைத்துவிடாதீர்கள், பட்டை அமுங்கும்போது ஆக்ஸில் முன்பின் நகரும், சட்டம் விடாது, எதையாவது உடைக்கும். முன் முனை ஒரு சின்ன ஷேக்கிளில் தொங்க வேண்டும். மேல் கீழ் விசையைத் தாங்கும், முன்பின் அசைவை விட்டுவிடும். நீளம் ஏறத்தாழ ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அளவுக்கு இருந்தால் பினியன் கோணம் அதிகம் அலையாது.

வெறுங்கை:
தடித்த பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டால் தீராதா?

பட்டைக்காரர்:
முறுக்கம் குறையும், வண்டியின் மென்மை போகும். மேட்டுவழி எதற்காக மேலே மாற்றினாரோ அதுவே போய்விடும். முன் பாதிக்கு மட்டும் ஒரு அரைப் பட்டை வைப்பவர்கள் உண்டு, அது பரவாயில்லை, சட்டம் அளவுக்கு வராது.

கோணமானி:
சேற்றுக்கால், கேஸ்டரை யாரும் தொடவில்லையே. முன் ஷேக்கிள் முன் நுனியில் என்கிறீர்கள். அதை 50 மிமீ நீட்டினால் பட்டையின் முன் நுனி 50 மிமீ கீழே போகும். கண்ணுக்குக் கண் 1000 மிமீ பட்டை என்றால் ஆக்ஸில் 2.9 டிகிரி முன்பக்கம் உருளும், கிங்பின்னின் தலை முன்னால் வரும். 3.5-ல் 2.9 போனால் மிச்சம் 0.6, நீங்கள் அளந்தது 0.5. கணக்கு அப்படியே பொருந்துகிறது. கிங்பின் கோடு மேலே பின்பக்கம் சாய்ந்திருந்தால்தான் சக்கரம் தானாக நேராகும், அந்தச் சாய்வைத்தான் ஷேக்கிள் தின்றுவிட்டது. இத்தனைக்கும் 50 மிமீ ஷேக்கிளால் கிடைத்த உயரம் 25 மிமீதான், பாதி மறுமுனைக்குப் போய்விடும்.

ஷேக்கிள் பின் நுனியில் இருக்கும் வண்டிகளில் இது தலைகீழ், நீட்டினால் கேஸ்டர் கூடும், ஆனால் முன் பினியன் மூக்கு கீழே போகும். அதனால் இணையத்தில் ஒருவர் "நீள ஷேக்கிள் போட்டேன், ஸ்டியரிங் இன்னும் நன்றாகிவிட்டது" என்றால் அவர் பொய் சொல்லவில்லை, அவர் வண்டி வேறு.

கிரீஸ்கை:
3 டிகிரி ஆப்பு முன்னால் வைத்தால் முடிந்தது. பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருப்பதால் தடித்த முனை முன்பக்கம். பட்டை மேலே இருப்பவர்கள் தடித்த முனையைப் பின்பக்கம் வைக்க வேண்டும். எஃகு ஆப்பு மட்டும், அலுமினியம் நசுங்கி நழுவும், நழுவினால் யு போல்ட் தளரும்.

பட்டைக்காரர்:
வைக்கலாம். ஆனால் கேஸ்டருக்கு 3 டிகிரி கொடுத்தால் முன் பினியன் 3 டிகிரி கீழே போகும், இரண்டும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. இவருக்கு ஃப்ரீ வீல் ஹப் இருப்பதால் சாலையில் முன் ஷாஃப்ட் சுற்றாது, தாங்கும். முழுநேர நான்கு சக்கர வண்டி என்றால் தாங்காது, அவர்கள் நக்கிளை (ஆக்ஸில் நுனியில் கிங்பின்னைத் தாங்கும் பகுதி) வெட்டித் திருப்பி வெல்ட் செய்யத்தான் வேண்டும்.

என் யோசனை எளிது. பின்னால் 25 மிமீ இறங்கப் போகிறது. முன்னால் பழைய அளவு ஷேக்கிளைத் திரும்பப் போட்டால் அங்கும் 25 மிமீ இறங்கும், கேஸ்டர் முழுதாகத் திரும்பி வரும், ஆப்பே வேண்டாம். நீள ஷேக்கிளுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஷேக்கிள் புரண்டு எதிர்ப்பக்கம் சேஸிஸில் போய் ஒட்டிக்கொள்ளும், வண்டி இறங்கியதும் அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டிலும் ஆட்டம் கூடும்.

கிரீஸ்கை:
75 மிமீ லிஃப்ட்டுக்குக் காசு கொடுத்தவரை 50 மிமீயில் நிறுத்துகிறீர்களே.

பட்டைக்காரர்:
ஓட்ட முடியாத 75-ஐ வைத்து என்ன செய்வது?

கிரீஸ்கை:
அவர் முடிவு. நான் ஆப்பு பக்கம்தான். ஆனால் இருவரும் சொல்லாத ஒன்று: பின் பிரேக். பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கம்பி போய் ஒரு வால்வை இழுக்கிறதா பாருங்கள். சுமை ஏறினால் பின்பக்கம் தாழும், அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். லிஃப்ட் செய்தால் சேஸிஸ் எப்போதும் உயரத்தில் நிற்கிறது, வால்வு வண்டி காலி என்றே நினைக்கும், பின் பிரேக் பாதிக்கு மேல் தூங்கும். மிதித்தால் மூக்கு குத்துகிறதா? கம்பியின் தாங்கியை லிஃப்ட் அளவுக்கு உயர்த்தி வைத்தால் போதும், வால்வின் உள்ளே கை வைக்காதீர்கள்.

பிரேக் ஹோஸ், ஹவுசிங் மூச்சுக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றையும் சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் பாருங்கள். தொங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஹோஸாக இருக்கக் கூடாது.

கோணமானி:
ஷாக்கையும் அதே நேரத்தில். நீளமான ஷாக் போட்டவர்கள் தொங்கும் நீளத்தை மட்டும் பார்ப்பார்கள், அமுங்கும் நீளத்தை மறப்பார்கள். பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே வந்து முட்டும் ரப்பர்) இடிக்கும்போது ஷாக்கின் தண்டில் குறைந்தது 15 மிமீ மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியின் எடை ஷாக்கின் உள்வால்வில் இறங்கும். தண்டில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டி, மோசமான பாதையில் ஓட்டிவிட்டு அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இடம் போதாவிட்டால் பம்ப் ஸ்டாப்பை நீட்டுங்கள்.

சேற்றுக்கால்:
நீளமான பதில், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் இரண்டு பக்கமும் நாலாவது பட்டையைக் கழற்றினேன். ஆப்பையும் எடுத்தாயிற்று, பழைய நீளத்தில் சென்டர் போல்ட், புது யு போல்ட். முன்னால் பழைய ஷேக்கிள், பட்டைகளை இடம் வலம் மாற்றிப் போட்டாயிற்று. புஷ் போல்ட்டை எல்லாம் வண்டி தரையில் நின்ற பிறகே இறுக்கினேன்.

பின் ஷேக்கிள் வெளி 5. கேஸ்டர் 3.3. சாய்வு 3 மிமீ, அதைக் கண்டுகொள்ளப் போவதில்லை. பினியன் 3, ஷாஃப்ட் சரிவு 12.5. உயரம் முன்னும் பின்னும் 50 மிமீ.

திருப்பத்தில் கையை விட்டால் ஸ்டியரிங் தானாக வருகிறது. தூக்கல் போய்விட்டது. பிரேக் வால்வுக் கம்பி இருந்தது, தாங்கியை உயர்த்திய பிறகு மூக்கு குத்துவது குறைந்தது, பிரேக் மிதியின் தன்மையே வேறாக இருக்கிறது. மிச்சம் இரண்டு. நேராக ஓடும்போது ஸ்டியரிங் வீல் ஒரு பக்கம் திரும்பி நிற்கிறது. 85-க்கு மேல் அந்த ரீங்காரம் லேசாக வருகிறது, முன்பு போல் இல்லை.

கோணமானி:
ஸ்டியரிங் வீல் திரும்பி நிற்பதற்குக் காரணம் டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பப் போகும் கம்பி). வண்டி உயர்ந்ததும் அதன் சரிவு கூடி, அதன் வீச்சு பக்கவாட்டில் குறைந்துவிட்டது. லிங்க்கின் நீளத்தைச் சரி செய்து வீலை நேராக்குங்கள், வீலைக் கழற்றி ஸ்பிளைனில் (தண்டில் வெட்டிய பற்கள்) மாற்றி மாட்டாதீர்கள், அப்படிச் செய்தால் ஸ்டியரிங் பாக்ஸ் நடுவை விட்டு விலகி ஓடும், நடுவில்தான் அதன் இறுக்கம் சரியாக இருக்கும். மேட்டில் ஏறும்போது வீல் கையில் துள்ளினால் மட்டும் கீழிறங்கிய டிராப் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து லிங்க்கைத் தள்ளும் கை) பற்றி யோசிக்கலாம், 50 மிமீக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

டயர் தரையில் இருக்கும்போதே ஒருவரை வீலை இடம் வலம் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லி, நீங்கள் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரியும் முன் விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸில் பிடித்திருக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், பெரிய டயர் போட்ட வண்டிகளில் வரும்.

இரட்டைகிராஸ்:
12.5 கழித்தல் 3, இரண்டு முனையும் 9.5. சமமாக இருக்கிறது, மிச்ச ரீங்காரம் கோணம் பெரிதாக இருப்பதால் வருவது. அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே வாக்கில் நிற்கிறதா? ஸ்பிளைனைக் கழற்றி மாட்டியபோது ஒரு பல் தள்ளிப் போயிருந்தால் கோணம் சமமாக இருந்தும் கழியாது. பெரும்பாலும் அம்புக்குறி இருக்கும். தொங்கும் நிலையில் ஸ்பிளைன் எவ்வளவு உள்ளே மிச்சம் இருக்கிறது என்பதையும் அளந்துவிடுங்கள்.

அது சரியாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் குறுக்குச் சட்டத்தை 20 மிமீ இறக்கலாம். சரிவு 1.3 டிகிரி குறையும், கேஸும் பின்பக்கம் ஒரு டிகிரி போலக் கீழே சாயும், அதற்கு ஈடாகப் பினியனுக்கு ஒரு டிகிரி ஆப்பு வேண்டும். முன் ஷாஃப்ட்டுக்கு இதில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை, சரிவில் குறைவது சாய்வில் ஏறிவிடும். கியர் லிவர் தரைத் துளையில் உரசுகிறதா, ஃபேன் கவசத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். 85-க்கு மேல் அடிக்கடி ஓட்ட மாட்டீர்கள் என்றால் நான் இதைச் செய்ய மாட்டேன்.

சேற்றுக்கால்:
யோக் ஒரு பல் தள்ளித்தான் இருந்தது. அம்புக்குறி மேல் பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறார்கள், சுரண்டிய பிறகே தெரிந்தது. நேராக்கிய பிறகு 90 வரை சத்தமில்லை. குறுக்குச் சட்டத்தைத் தொடப் போவதில்லை.

பட்டைகளுக்கு நடுவில் இப்போது கீச்சென்று ஒரு சத்தம். கிரீஸ் பூசலாமா?

பட்டைக்காரர்:
கிரீஸ் பூசினால் ஒரு வாரம் அமைதி, அப்புறம் மணலும் தூசியும் ஒட்டி அரத்தூள் மாதிரி பட்டையைத் தேய்க்கும். பட்டை நுனிகளுக்கு நடுவில் வழுக்குப் பட்டி வைப்பார்கள், உங்கள் கட்டில் இருந்தது கழற்றும்போது விழுந்திருக்கலாம், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கிராஃபைட் கலந்த உலர் பூச்சு அடியுங்கள்.

கவ்விகளையும் பாருங்கள். ஒரு பட்டை குறைந்ததால் ரீபவுண்ட் கவ்வி (பட்டைகள் பிரியாமல் சேர்த்து வைப்பது) தளர்ந்திருக்கும், கவ்வியை நசுக்கி இறுக்கிவிடாதீர்கள், பட்டை உள்ளே நழுவ இடம் வேண்டும்.

மேட்டுவழி:
கடைசியாக ஒன்று, எல்லோரும் புது யு போல்ட் என்கிறீர்கள். மரை நன்றாக இருந்தாலுமா?

பட்டைக்காரர்:
நன்றாக இருந்தாலும்தான். ஒரு தரம் முழு இறுக்கம் வாங்கிய யு போல்ட் நீண்டிருக்கும், இரண்டாம் தரம் அதே இறுக்கத்தைப் பிடித்து வைக்காது. நாலு நட்டையும் குறுக்கு வாட்டில் மாற்றி மாற்றி ஏற்றுங்கள், மரை இரண்டு பக்கமும் சம நீளம் வெளியே தெரிய வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கையேட்டில் சொன்ன டார்க்கில் மறுபடி இறுக்கிவிடுங்கள். சேற்றுக்கால், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சேற்றுக்கால்:
ஞாயிற்றுக்கிழமை டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கியிருக்கிறேன், முடித்துவிடுகிறேன்.